டீச்சரைக் கேளுங்கள்: தண்ணீருக்குள் எத்தனை தலை?

போன இதழின் கடைசியில் ஒரு சின்னக் கணக்கு கொடுத்திருந்தேன். 0.71 கிராம் நீரற்ற சோடியம் சல்ஃபேட்டைத் தண்ணீரில் கரைத்து 500 மில்லி கரைசலாக்கினால், 27 டிகிரி செல்சியஸில் அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் எவ்வளவு? உப்பு முழுவதும் அயனிகளாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். (தண்ணீரை மட்டும் விடுகிற சவ்வு வழியாகக் கரைசலுக்குள் தண்ணீர் புகுவதைத் தடுக்கத் தேவையான அழுத்தம்தான் சவ்வூடு பரவல் அழுத்தம்.) அவ்வளவுதான் கணக்கு.

வந்த விடைகளைப் பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பிரித்து வைத்தேன். 0.25, 0.37, 0.49, 0.066, 0.74, 1.72, 74.8. ஒரே கணக்குக்கு ஏழு விடை! முப்பத்தோரு வருஷம் வேதியியல் நடத்தியவளுக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. சரியான விடையைப் பார்த்தால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவோம். தப்பான விடைதான் எழுதியவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று காட்டிக்கொடுக்கும். கடிதங்களும் இந்தக் கணக்கையே சுற்றி வந்ததால், மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: டீச்சர், எனக்கு 1.72 அட்மாஸ்பியர் வந்தது. சோடியம் சல்ஃபேட்டில் சோடியம் இரண்டு, கந்தகம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு, மொத்தம் ஏழு அணு. உடைகிறது என்றால் ஏழாகத்தானே உடைய வேண்டும்? என் தோழி இரண்டால் பெருக்கி 0.49 என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே இல்லை, கண்ணு. நீ அணுக்களை எண்ணியிருக்கிறாய். உன் தோழி வகைகளை எண்ணியிருக்கிறாள். சோடியம் ஒரு வகை, சல்ஃபேட் ஒரு வகை, ஆக இரண்டு என்று. எண்ண வேண்டியது தண்ணீருக்குள் தனித்தனியாகத் திரிகிற ஆட்களை. சோடியம் சல்ஃபேட் கரையும்போது இரண்டு சோடியம் அயனிகள் ஆளுக்கொரு பக்கம் கழன்று போகும். சல்ஃபேட் அப்படிப் போகாது. கந்தகமும் நான்கு ஆக்சிஜனும் சகப்பிணைப்பால் கட்டுண்டு கிடக்கின்றன. தண்ணீர் எவ்வளவு இழுத்தாலும் அந்தக் கட்டு அவிழாது. அது மொத்தமும் ஒரே ஆள். ஆக, மூன்று தலை.

வகுப்பில் இதற்கு நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. வாய்பாட்டை எழுதச் சொல்லாமல், ஒரு பீக்கர் படம் போடச் சொல்வேன். உப்பின் ஒரு அலகை உள்ளே போட்டு, கரைந்த பிறகு என்னென்ன மிதக்கிறது என்று வட்டம் வட்டமாக வரைய வேண்டும். சோடியத்துக்கு ஒரு வட்டம், இன்னொரு சோடியத்துக்கு ஒரு வட்டம், சல்ஃபேட்டுக்கு ஒரு பெரிய வட்டம். கந்தகத்துக்குத் தனி வட்டம் போடப் போகிறவளுக்குப் பாதி வட்டத்திலேயே கை நின்றுவிடும். பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடைக் கொடுத்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. நான்கு பொட்டாசியம், ஒரு இரும்பு, ஆறு சயனைடு என்று பதினொன்று எழுதுவார்கள். இரும்பும் ஆறு சயனைடும் சேர்ந்து ஒரே அணைவு அயனி என்பதால் அங்கே மொத்தம் ஐந்து தலைதான்.

இந்த எண்ணிக்கைக்குப் பெயர்தான் வாண்ட் ஹாஃப் காரணி. இனி கணக்கு. மோல் என்பது துகள்களை மொத்தமாக எண்ணுகிற அலகு. சோடியம் சல்ஃபேட்டின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 142 கிராம். 0.71 கிராம் என்றால் 0.005 மோல். அது அரை லிட்டரில் இருப்பதால் செறிவு 0.01 மோலார், அதாவது லிட்டருக்கு 0.01 மோல். காரணி × செறிவு × வாயு மாறிலி (வாயுக் கணக்குகளில் வரும் நிலையான எண்) × கெல்வின் வெப்பநிலை (செல்சியஸோடு 273 கூட்டியது) என்று போட்டால்,

3 × 0.01 × 0.08206 × 300 = 0.74 அட்மாஸ்பியர்.

0.74 என்றதும் ஏதோ அற்பமான எண் போலத் தெரியும். ஒரு அட்மாஸ்பியர் என்பது 10.33 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண். அப்படியானால் இது ஏழரை மீட்டருக்கும் கொஞ்சம் மேல். ஒரு கிராம்கூட இல்லாத வெள்ளைப் பொடி, நல்ல சவ்வு ஒன்று கிடைத்துவிட்டால், இரண்டு மாடி உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும். இந்தக் கணக்கை எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன், அந்த உயரத்தை நினைத்தால் இன்னமும் எனக்கு நம்ப முடியவில்லை.

மற்ற விடைகளையும் ஒரு வரியில் தீர்த்துவிடலாம். 0.25 எழுதியவர்கள் உப்பைச் சர்க்கரை மாதிரி நினைத்து, மூன்றால் பெருக்கவே இல்லை. 0.066 வந்தவர்கள் 300-க்குப் பதில் 27-ஐயே போட்டவர்கள். 0.37 வந்தவர்கள் மோல் எண்ணிக்கையையே செறிவாக எடுத்துக்கொண்டு, அரை லிட்டரை மறந்தவர்கள். 74.8-க்குத் தனியாக ஒரு கடிதமே வந்திருக்கிறது.

கேள்வி: வாயு மாறிலிக்கு 8.314 போட்டேன். விடை 74.8 அட்மாஸ்பியர் என்று வந்தது. தப்பு என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய சந்தேகம், கரைசல் கணக்கில் வாயு மாறிலிக்கு என்ன வேலை?

பதில்: தம்பி, உங்கள் எண் தப்பே இல்லை, வால் மட்டும்தான் தப்பு. 8.314 போட்டு, செறிவை லிட்டருக்கு மோல் என்று வைத்தால் விடை கிலோபாஸ்கலில் வரும். 74.8 கிலோபாஸ்கல் என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண். அதை 101.325-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 0.74-தான். அட்மாஸ்பியர் வேண்டுமென்றால் 0.08206, பார் வேண்டுமென்றால் 0.08314, பாதரச மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 62.36. மாறிலியை எழுதும்போதே அதன் அலகையும் பக்கத்தில் எழுதிவிடுகிற பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லை வராது. நான் சொல்லி யார் கேட்டார்கள்.

இரண்டாவது சந்தேகம்தான் அருமையானது. இதே கேள்வியில்தான் ஒரு நோபல் பரிசே இருந்தது.

வில்ஹெல்ம் ஃபெஃபர் என்று ஒரு ஜெர்மன் தாவரவியலாளர். செடியின் செல்லுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். நுண்துளை உள்ள களிமண் கலம் ஒன்றை எடுத்து, அதன் சுவருக்குள்ளேயே காப்பர் ஃபெர்ரோசயனைடு படலத்தை உண்டாக்கினார். ஒரு பக்கம் காப்பர் சல்ஃபேட், மறு பக்கம் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு. இரண்டும் சுவருக்கு நடுவில் சந்திக்கிற இடத்தில் செம்பழுப்பாக ஒரு படிவு. அது தண்ணீரை விடும், சர்க்கரையை விடாது. களிமண் தாங்கிப் பிடிப்பதால் அழுத்தம் ஏறினாலும் கிழியாது. 1877-இல் அவர் வெளியிட்ட அளவீடுகளில், ஒரு சதவீதச் சர்க்கரைக் கரைசலுக்குச் சுமார் 53 சென்டிமீட்டர் பாதரச அழுத்தம் இருந்தது. செறிவை இரட்டிப்பாக்கினால் அழுத்தமும் ஏறக்குறைய இரட்டிப்பானது.

ஃபெஃபருக்கு அந்த எண்கள் செடியைப் பற்றியவை. டச்சு வேதியியலாளர் வாண்ட் ஹாஃப் அதே எண்களைப் பார்த்தபோது அவருக்கு அதில் வாயு தெரிந்தது. ஒரு சதவீதச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 0.029 மோல். அதே 0.029 மோல் வாயுவை ஒரு லிட்டர் குடுவையில் அடைத்தால், 14 டிகிரியில் அழுத்தம் 52 சென்டிமீட்டர் பாதரசம். சர்க்கரை வாயு இல்லை, தண்ணீர் வெற்றிடமும் இல்லை. ஆனாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண். நீர்த்த கரைசலில் கரைபொருள் என்ன, அதன் உருவம் என்ன, எடை என்ன என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு லிட்டரில் எத்தனை துகள் என்பதுதான் கணக்கு. அதனால்தான் அந்த மாறிலி இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வாண்ட் ஹாஃபுக்குப் போனதற்கு இந்த வேலையும் ஒரு காரணம்.

ஒரே ஒரு உறுத்தல் அவருக்கு இருந்தது. சர்க்கரைக்கு அழகாக ஒத்துவந்த சமன்பாடு, உப்புகளுக்கு ஒத்துவரவில்லை. அழுத்தம் எப்போதும் அதிகமாகவே வந்தது. காரணம் தெரியாமலே ஒரு பெருக்கல் எண்ணைச் சேர்த்து ஒப்பேற்றி வைத்தார். இன்று நாம் பெரிய மரியாதையோடு அவர் பெயரைச் சூட்டி அழைக்கிற காரணி, பிறந்தபோது ஒரு ஒட்டுப்போட்ட வேலைதான். 1887-இல் ஸ்வீடன்காரர் அர்ரீனியஸ், உப்பு தண்ணீரில் தானாகவே அயனிகளாகப் பிரிந்து கிடக்கிறது, மின்சாரம் பாய்ச்சும் வரை காத்திருப்பதில்லை என்று சொன்ன பிறகுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடைத்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பு, மின்பகுளிகளை (கரைசலில் மின்சாரம் கடத்தும் பொருள்களை) பற்றிய அவருடைய முனைவர் ஆய்வேட்டுக்கு உப்சாலா பல்கலைக்கழகத்தில் குறைந்த தரம்தான் கொடுத்தார்கள். 1903-இல் அவருக்கும் நோபல் வந்தது. குறைந்த மதிப்பெண் வாங்கிவிட்டு என் முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: பாடத்தில் சோடியம் குளோரைடுக்குக் காரணி 2 என்று படித்தோம். வேறொரு அட்டவணையில் 0.1 மோலால் (ஒரு கிலோ தண்ணீருக்கு 0.1 மோல்) கரைசலுக்கு 1.87 என்று இருக்கிறது. எதை நம்புவது? 1.87 என்றால் 13 சதவீத உப்பு பிரியாமல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இந்த மாதத்தின் நல்ல கேள்வி இது. இதற்குத்தான் நான் ஆற அமரப் பதில் எழுத நினைத்தேன்.

முதலில் 1.87 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கரைசலில் ஒரு மோலால் துகள் இருந்தால் தண்ணீரின் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். 0.1 மோலால் சர்க்கரை என்றால் 0.186 இறங்க வேண்டும். சோடியம் குளோரைடு முழுக்க இரண்டாகப் பிரிந்து, ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்தால் 0.372 இறங்க வேண்டும். அளந்து பார்த்தால் 0.348 தான் இறங்குகிறது. 0.348-ஐ 0.186-ஆல் வகுத்தால் 1.87. எனவே 2 என்பது நாம் தாளில் எண்ணியது, 1.87 என்பது தெர்மாமீட்டர் சொன்னது.

அந்த 0.13 எங்கே போயிற்று? பழைய பாணியில், பிரிகை வீதம் 0.87, மீதி 13 சதவீதம் மூலக்கூறாகவே இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். சோடியம் குளோரைடு விஷயத்தில் எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தண்ணீருக்குள் சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று எதுவும் கையில் அகப்படாது. அயனிகள் எல்லாமே பிரிந்துதான் இருக்கின்றன. ஆனால் அவை மின்சுமை உள்ள ஆட்கள். ஒரு சோடியம் அயனியைச் சுற்றி, சராசரியாகப் பார்த்தால், குளோரைடு அயனிகள் கொஞ்சம் அதிகமாகவும் மற்ற சோடியங்கள் கொஞ்சம் குறைவாகவும் நிற்கும். ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டே நகர்வதால், முழுச் சுதந்திரத்தோடு திரியும் இரண்டு ஆட்களின் வேலையை அவை செய்வதில்லை. பீட்டர் டிபையும் எரிக் ஹ்யூக்கலும் 1923-இல் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? கரைசலை நீர்க்கச் செய்யுங்கள். சோடியம் குளோரைடின் காரணி 0.1 மோலாலில் 1.87, 0.01-இல் 1.94, 0.001-இல் 1.97 என்று இரண்டை நோக்கி நகரும். தூரம் கூடக்கூட இழுப்பு குறைகிறது. சுமை கூடினால் கதை மோசமாகும். மெக்னீசியம் சல்ஃபேட்டில் இரண்டு பக்கமும் இரட்டைச் சுமை. தாளில் எண்ணினால் அதுவும் 2 தான், ஆனால் 0.1 மோலாலில் அளந்தால் 1.21! அங்கே இழுப்பு மட்டும் இல்லை, அயனிகள் உண்மையாகவே ஜோடி ஜோடியாகச் சேர்ந்துவிடுகின்றன. 0.01-க்கு நீர்த்தால் 1.53, 0.001-க்கு நீர்த்தால் 1.82. அங்கேயும் இரண்டைத் தொட்டபாடில்லை. இந்த மூன்று எண்களை நான் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அந்தப் பாடம் முடியும்வரை அழிக்க விடமாட்டேன்.

சரி, எதைப் போடுவது? "முற்றிலும் பிரிகையுறுகிறது எனக் கொள்க" என்று கேள்வியில் இருந்தால் முழு எண்ணைப் போடுங்கள், வாதாட வேண்டாம். பிரிகை வீதம் கொடுத்திருந்தால், ஒன்றோடு, பிரிகை வீதத்தை அயனி எண்ணிக்கைக்கு ஒன்று குறைவான எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். மூன்று அயனி, பிரிகை வீதம் 0.8 என்றால் 1 + 0.8 × 2 = 2.6. அளந்த அழுத்தம் கொடுத்திருந்தால், காரணி 1 என்று வைத்துப் போட்ட அழுத்தத்தால் அதை வகுத்தால் காரணியே விடையாக வந்துவிடும். நிஜ வேலைக்கு, அதாவது ஆய்வகத்திலோ மருந்திலோ என்றால், அட்டவணையைப் பாருங்கள். அதிலும் உங்கள் செறிவுக்கு நேரே உள்ள எண்ணைப் பாருங்கள்.

இதே பிரிகை வீதச் சூத்திரம் நியாயமாகப் பொருந்துவது வலிமை குறைந்த அமிலங்களுக்கு. 0.1 மோலார் அசெட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு 1.3 மூலக்கூறுதான் பிரிகிறது, காரணி 1.013. கந்தக அமிலத்தை எடுத்துக்கொண்டு மூன்று என்று எழுதாதீர்கள். முதல் ஹைட்ரஜன் முழுக்கப் போய்விடும், இரண்டாவது சுலபத்தில் கிளம்பாது, அதே 0.1 மோலாரில் அயனிகளை எண்ணினால் ஏறத்தாழ 2.1 தான் வரும். பென்சீனில் கரைத்த பென்சாயிக் அமிலம் இதற்கு நேரெதிர்: இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொள்வதால் காரணி அரையை நோக்கி இறங்கும்.

கேள்வி: காப்பர் சல்ஃபேட் படிகத்தில் ஐந்து நீர் மூலக்கூறு இருக்கிறதே. அதையும் சேர்த்துக் காரணி ஏழு என்று போடலாமா?

பதில்: கூடாது. படிகத்தை விட்டு வெளியே வந்த நீர், பீக்கரில் ஏற்கெனவே இருக்கிற நீரோடு நீராகக் கலந்துவிடும். அது கரைப்பான், அதற்குத் தலைக்கணக்கு கிடையாது. காரணி இரண்டுதான். ஆனால் எடை போடும்போது அந்த நீரை மறந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். பிள்ளைகள் உறைநிலைத் தாழ்வு அளப்பதற்காக 0.1 மோலார் கால்சியம் குளோரைடு ஒரு லிட்டர் தயாரிக்க வேண்டும். மோலார் நிறை 111 என்று மனப்பாடமாகத் தெரியும், 11.1 கிராம் நிறுத்துக் கரைத்துவிட்டேன். எல்லாக் குழுவுக்கும் தாழ்வு 0.37, 0.38 என்றே வந்தது. அயனிகளின் இழுப்புக்குக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அரை டிகிரியை ஒட்டி வந்திருக்க வேண்டும். தெர்மாமீட்டரைத் திட்டினேன், ஐஸைத் திட்டினேன், ஒழுங்காகக் கலக்கவில்லை என்று பிள்ளைகளையும் திட்டினேன். எல்லாரும் ஒரே மாதிரித் தப்புச் செய்ய முடியுமா என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். மறுநாள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், லேபிளில் பொடி எழுத்தில், இரண்டு நீர் கொண்ட படிகம், மோலார் நிறை 147. நான் போட்ட 11.1 கிராமில் 0.0755 மோல்தான் இருந்தது. கிட்டத்தட்ட முக்கால் பங்கு. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து புட்டியின் லேபிளை வாய்விட்டுப் படித்த பிறகுதான் தராசைத் தொடுவேன்.

கேள்வி: நான் செவிலியர். நார்மல் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 308 மில்லி ஆஸ்மோல் (தனித்தனித் துகள்களின் மோல் கணக்கு) என்று அச்சிட்டிருக்கிறார்கள். இரத்தப் பிளாஸ்மாவின் இயல்பான அளவு 275 முதல் 295 என்று படித்திருக்கிறோம். அப்படியானால் சலைன் இரத்தத்தைவிடச் செறிவானதா?

பதில்: இல்லை, சகோதரி. மேலே சொன்ன 2-க்கும் 1.87-க்கும் உள்ள அதே சண்டைதான் உங்கள் பாட்டிலிலும் ஒட்டியிருக்கிறது. லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு, 58.44-ஆல் வகுத்தால் 0.154 மோல், இரண்டால் பெருக்கினால் 0.308. லேபிளில் இருப்பது இந்தத் தாள் கணக்கு. உண்மையில் அயனிகளின் இழுப்பு காரணமாக அந்தச் செறிவில் நூற்றுக்கு 93 பங்கு வேலைதான் நடக்கிறது. 308-இல் 93 சதவீதம் 286. பிளாஸ்மாவின் எல்லைக்குள் நடுவில் வந்து நிற்கிறது பாருங்கள். (இங்கே "நார்மல்" என்ற சொல் நம் ஆய்வகத்து நார்மாலிட்டி என்ற செறிவு அளவு அல்ல. ஒரு நார்மல் உப்புக் கரைசலில் லிட்டருக்கு 58 கிராம் இருக்கும். அதை யாருக்கும் ஏற்ற முடியாது.)

அழுத்தமாகச் சொன்னால், உடல் வெப்பநிலையில் 0.308 × 0.08206 × 310, அதாவது 7.8 அட்மாஸ்பியர், இழுப்பைக் கழித்தால் 7.3. உடம்புக்குள் ஏழு அட்மாஸ்பியரா என்று பயப்படாதீர்கள். இரத்தச் சிவப்பணுவின் உள்ளேயும் அதே அளவு, வெளியேயும் அதே அளவு, ஆகவே சவ்வுக்கு எதுவும் தெரிவதில்லை. வெளியே வெறும் தண்ணீரை வைத்தால்தான் அந்த ஏழும் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் உள்ளே பாய்ந்து, சிவப்பணு உப்பி வெடித்துவிடும். வெறும் நீரைச் சிரையில் ஏற்றக் கூடாது என்பது இதனால்தான்.

கேள்வி: நானும் ஆசிரியர்தான். கண்ணாடிக் குழாயின் அடியில் செலோஃபேன் தாளைக் கட்டி, உள்ளே உப்புக் கரைசலை ஊற்றித் தண்ணீரில் நிறுத்தினேன். மட்டம் கொஞ்சம் ஏறியது, அப்புறம் தானாக இறங்கிவிட்டது. கணக்குப்படி பல மீட்டர் ஏற வேண்டுமே!

பதில்: உங்களுக்கு முன்னால் அந்தக் குழாயோடு நானும் அசடு வழிந்திருக்கிறேன். உள்ளே ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் கலந்து, நூலை இறுக்கிக் கட்டி, மட்டத்துக்கு நேரே காகிதத்தில் கோடு போட்டுவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன். இரண்டு விரற்கடை ஏறியது. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். மணி அடிக்கிற நேரத்தில் கோட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே பீக்கரில் இருந்த தண்ணீரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன். பால் மாதிரி வெளுத்தது. குளோரைடு வெளியே வந்துவிட்டிருந்தது.

செலோஃபேனின் துளைகள் ஸ்டார்ச், புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைத்தான் தடுக்கும். சோடியமும் குளோரைடும் அதற்குள் புகுந்து போய்விடும், சர்க்கரைகூட மெதுவாகக் கசியும். தண்ணீர் அயனிகளைவிட வேகமாக உள்ளே வருவதால் முதலில் மட்டம் ஏறுகிறது. உப்பு வெளியேறி இரு பக்கமும் சமமானதும் தூக்குவதற்கு ஒன்றுமில்லாமல் இறங்கிவிடுகிறது. நம் சமன்பாடு கரைபொருளை ஒரு துளிகூட விடாத சவ்வுக்கு எழுதப்பட்டது. கணக்கில் பிழையில்லை, தாள்தான் ஓட்டை.

உப்புக் கரைசல்களுக்கு அழுத்தத்தை நேரடியாக அளப்பதே அபூர்வம். மருத்துவமனை ஆய்வகங்களில் ஆஸ்மோமீட்டர் என்று வைத்திருக்கிற கருவியில் பெரும்பாலும் சவ்வே இருக்காது. சொட்டளவு திரவத்தை உறைய வைத்து, எத்தனை டிகிரியில் உறைந்தது என்பதிலிருந்து துகள்களை எண்ணும். உங்கள் குழாயில் உப்புக்குப் பதில் ஸ்டார்ச் கரைசலை ஊற்றிப் பாருங்கள். ஸ்டார்ச் வெளியே போகாது. ஆனால் அதில் துகள் எண்ணிக்கை சொற்பம், ஆகவே மட்டம் மெல்லத்தான் ஏறும். பொறுமை வேண்டும், இரண்டு பீரியட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் ஏன் அவ்வளவு பெரிய பம்புகள்?

பதில்: கணக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு. எல்லாமே சோடியம் குளோரைடு என்று தோராயமாக வைத்தால் 0.6 மோலார். 2 × 0.6 × 0.08206 × 298 = 29 அட்மாஸ்பியர். உண்மையான கடல்நீருக்கு 27-ஐ ஒட்டி வரும். இந்த ஆலைகளில் கடல்நீரைச் சவ்வு ஒன்றின் மேல் அழுத்தி, தண்ணீரை மட்டும் மறுபக்கம் தள்ளுகிறார்கள். வெறும் 27 கொடுத்தால் தண்ணீர் இந்தப் பக்கமும் வராது, அந்தப் பக்கமும் போகாது. அதற்கு மேலே தள்ளினால்தான் நல்ல தண்ணீர் வெளியே வரும். வரவர, சவ்வின் இந்தப் பக்கம் எஞ்சுகிற நீர் இன்னும் உப்பாகி, அதன் அழுத்தமும் ஏறும். அதனால்தான் 55, 60, 70 பார் வரை தள்ளுகிறார்கள்.

இடம் முடிகிறது. அடுத்த இதழுக்கான கணக்கு இதோ: 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் கரைசல் 100 மில்லி, 0.1 மோலார் சோடியம் குளோரைடு கரைசல் 100 மில்லி. இரண்டையும் ஒரே பீக்கரில் ஊற்றிக் கலக்கி, தெளியும் வரை அப்படியே வைக்கிறோம். வெப்பநிலை 27 டிகிரி, அயனிகளின் இழுப்பைக் கண்டுகொள்ள வேண்டாம். மேலே தெளிந்து நிற்கும் கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம் என்ன? விடையோடு பீக்கர் படத்தையும் வரைந்து அனுப்புங்கள். படம் இல்லாத விடையை நான் திருத்த மாட்டேன்.